கடலில் கரைத்த பெருங்காயத்தை மீட்பது எப்படி?

இருந்த இடம் தெரியாமல் போய்விட்ட எதையும் "கடலில் கரைத்த பெருங்காயம்" என்று சொல்லிக் கைகழுவுவது நம் வழக்கம். ஆனால் வேதியியல்காரர்களில் ஒரு கூட்டத்தாருக்கு அந்தப் பெருங்காயத்தைக் கடலிலிருந்து திரும்ப எடுத்து எடைபோட்டுக் காட்டுவதே தொழில். அது எப்படி நடக்கிறது, அதில் எங்கே ஏமாந்துபோக வாய்ப்பு இருக்கிறது, நம் வீட்டுக் குழாய்த் தண்ணீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதை நம் சங்க மலர் வாசகர்களுக்கு எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். பள்ளியில் வேதியியல் படித்து மறந்தவர்களுக்கும் புரியும்.

முதலில் அளவு. பசிபிக் பெருங்கடலின் ஆழத்தில் ஒரு கிலோ நீரை எடுத்தால் அதிலுள்ள ஈயம் ஏறத்தாழ 1 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிக் கூறு போட்டால் கிடைக்கும் ஒரு கூறுதான் நானோகிராம். ஆக, ஒரு லட்சம் கோடிப் பங்கு நீரில் ஒரு பங்கு ஈயம். மத்திய பட்ஜெட் செய்திகளில் லட்சம் கோடி என்ற சொல்லைப் படிக்கிறோமே, அந்தக் கணக்கில் ஒரே ஒரு ரூபாய் எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்கு ஒப்பான வேலை இது.

சின்ன அளவு என்பது பாதித் தொல்லைதான். அதே ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் சோடியம் மட்டும் 10.8 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு பங்கு ஈயத்துக்கு எதிரே 40 கோடிப் பங்கு கால்சியம் நிற்கிறது. அந்தக் கூட்டத்தின் நடுவே ஈயத்தின் குரல் கேட்க வேண்டும்.

இன்றைய ஆய்வுக்கூடங்களில் ஐசிபி-எம்எஸ் என்றொரு கருவி இருக்கிறது. ஆர்கான் வாயுவைப் பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேற்றி, அதில் மாதிரியைத் தெளித்து, அணுக்களை அவற்றின் எடையை வைத்து எண்ணும் கருவி. அபாரமான நுட்பம் உடையது. ஆனால் கடல்நீரை அப்படியே உள்ளே விட்டால் உப்பு படிந்து வாய் அடைத்துக்கொள்ளும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. சோடியத்தின் எடை எண் 23, ஆர்கானின் எடை எண் 40. இரண்டும் அந்தச் சூட்டில் ஒட்டிக்கொண்டால் 63. செம்பின் முக்கியமான எடை எண்ணும் 63! கருவிக்கு ஆள் அடையாளம் தெரியாது, எடைதான் தெரியும். செம்பே இல்லாத உப்புத் தண்ணீரிலும் அது செம்பு இருப்பதாகச் சத்தியம் செய்யும்.

"தண்ணீரைச் சுண்டக் காய்ச்சினால் போச்சு, நூறு லிட்டரை ஒரு லிட்டராக்கலாமே" என்று யாரிடம் சொன்னாலும் உடனே யோசனை சொல்வார்கள். ரசத்தைச் சுண்டவிட்டால் என்ன ஆகும்? புளிப்பும் காரமும் ஏறும், உப்பும் சேர்ந்தே ஏறும். ஈயம் நூறு மடங்கானால் சோடியமும் நூறு மடங்காகும், அதற்கு முன்பே உப்பு பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும். ஆகவே செறிவாக்குவது மட்டும் போதாது, பிரித்தெடுக்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்வதற்குத்தான் இந்தக் கட்டுரையின் நாயகன் வருகிறான்.

நண்டுக் கொடுக்கும் உலோகமும்

வெளிமாநிலங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் நம்மவர்கள் பலருக்கும் 'சாஃப்ட்னர்' தெரிந்த சாமான். போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையால் வாளியில் வெள்ளை படிகிறது, துவரம்பருப்பு வேகமாட்டேன் என்கிறது என்று குடியிருப்போர் சங்கத்தில் சண்டை போட்டு வாங்கி வைப்போமே, அதேதான். அந்தத் தொட்டிக்குள் இருப்பது ரவை போன்ற ரெசின் மணிகள். பொட்டலம் கட்டும் தெர்மோகோல் இருக்கிறதே, அதன் மூலப்பொருளான ஸ்டைரீன்தான் இந்த மணிகளுக்கும் பெரும்பாலும் அடிப்படை. அதில் வேதிக் குழுக்களை ஒட்டவைத்து, சோடியம் அயனிகளை ஏற்றி வைத்திருப்பார்கள். கடினநீர் போகும்போது மணி தன் சோடியத்தை விட்டுவிட்டுக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். இதுவே அயனிப் பரிமாற்றம். மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசல் ஊற்றிப் புதுப்பிப்பார்கள்.

இந்த ரெசினைக் கடல்நீருக்குப் பயன்படுத்தினால் வேலைக்கு ஆகாது. கால்சியத்தைப் பிடிப்பதுதான் அதன் குணம், 40 கோடிப் பங்கு கால்சியம் வந்து உட்கார்ந்தபின் ஈயத்துக்கு ஏது இடம்? வந்தவர்களை எல்லாம் உட்காரவைக்கும் திண்ணை நமக்கு உதவாது. ஆள் பார்த்து உள்ளே விடும் காவலாளி வேண்டும்.

சில மூலக்கூறுகள் ஓர் உலோக அயனியை ஒரே இடத்தில் தொடாமல் இரண்டு, மூன்று, ஆறு இடங்களில் சேர்த்துக் கவ்விக்கொள்கின்றன. நண்டு தன் கொடுக்கால் பிடிப்பதைப் போல. 1920-ல் மார்கன், ட்ரூ என்ற இரு வேதியியலாளர்கள், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்கு 'கீலேட்' என்று பெயர் வைத்தார்கள். நம் பாடநூல்களில் 'கொடுக்கிணைப்பு' என்று அழகாகவே மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஒரு கை பிடி விட்டாலும் மற்ற கைகள் பிடித்திருக்கும், விட்ட கை திரும்ப வந்து பற்றிக்கொள்ளும். அதனால்தான் இந்தப் பிடி இறுக்கமானது. நம் ரத்தத்தில் இரும்பு அப்படித்தான் பிடிபட்டிருக்கிறது, இலைப் பச்சையத்தில் மக்னீசியமும் அப்படியே. ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தில் 'ஈடிடிஏ' என்று ஒரு பெயர் இருக்கும், பாருங்கள். அது ஆறு இடங்களில் பிடிக்கும் கொடுக்கு. ஈய நஞ்சு ஏறியவர்களுக்கு ஈடிடிஏ-யின் கால்சிய உப்பைச் செலுத்தி ஈயத்தை வெளியேற்றும் சிகிச்சையும் உண்டு.

ஈடிடிஏ-யின் பாதி என்று சொல்லத்தக்க ஒரு குழு, இமினோடைஅசிட்டேட். ஒரு நைட்ரஜன், இரண்டு ஆக்ஸிஜன் என்று மூன்று இடங்களில் பிடிக்கும். இதை ரெசின் மணியில் ஒட்டவைத்தால் கொடுக்கிணைப்பு ரெசின் தயார். பயோ-ராட் நிறுவனத்தின் 'செலக்ஸ் 100' இவ்வகையில் மிகப் பிரபலமானது. செம்பு, நிக்கல், ஈயம், துத்தநாகம், கோபால்ட், காட்மியம் ஆகியவற்றை இது கெட்டியாகப் பிடிக்கும். கால்சியம், மக்னீசியத்தை ஏனோதானோ என்றுதான் பிடிக்கும். சோடியத்தைச் சட்டைகூடச் செய்யாது.

இந்தக் கொடுக்கைத் திறக்கவும் மூடவும் ஒரு சாவி இருக்கிறது, அமிலம். அமிலத்தில் நிறைந்திருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் கொடுக்கின் கைகளில் தாங்களே போய் உட்கார்ந்துகொள்ளும், உலோகம் வெளியேற வேண்டியதுதான். அமிலத்தன்மை குறைந்தால் கைகள் காலியாகி உலோகத்தைப் பற்றும். பிஎச் 5-க்கும் 6.5-க்கும் நடுவே வைத்தால் வேண்டிய உலோகங்கள் நன்றாகப் பிடிபடுகின்றன.

டிகாக்‌ஷன் இறக்கும் வித்தை

இங்கிலாந்தின் ரைலியும் டெய்லரும் 1968-ல் இவ்வகை ரெசினைக் கொண்டு கடல்நீரின் நுண்ணுலோகங்களைச் செறிவாக்கும் முறையை வெளியிட்டார்கள். முறை நல்ல முறைதான், ஆனால் ஏனோதானோ என்று பிடித்த கால்சியமும் மக்னீசியமும்கூட அளவில் மிகுதியாகவே இருந்தன, கடைசியில் உலோகங்களோடு கூடவே இறங்கி வந்து கருவியைக் குழப்பின. 1978-ல் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய அலுவலகத்தில் கிங்ஸ்டனும் உடன் பணியாற்றியவர்களும் நடுவில் ஒரு படியைச் சேர்த்தார்கள். உலோகங்கள் பிடிபட்ட பிறகு, அமிலம் ஊற்றுவதற்கு முன், அம்மோனியம் அசிட்டேட் கரைசலால் ரெசினைக் கழுவுவது. தளர்வாக ஒட்டியிருந்த கால்சியமும் மக்னீசியமும் அதில் போய்விடும், இறுக்கமாகப் பிடிபட்டவை அசையாது. அரிசி களைகையில் தவிடும் தூசும் கழுநீரோடு போய் அரிசி தங்குகிறதே, அந்த மாதிரி. காட்மியம், கோபால்ட், செம்பு, இரும்பு, மாங்கனீசு, நிக்கல், ஈயம், துத்தநாகம் ஆகிய எட்டு உலோகங்களையும் அவர்கள் இப்படிப் பிரித்துக் காட்டினார்கள். பெரிய கண்டுபிடிப்பு என்று யாரும் மேளம் கொட்டவில்லை. என் கணக்கில் இந்தத் துறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது அந்தக் கழுவல்தான்.

வேலை நடக்கும் விதம் நம் பித்தளை ஃபில்டரில் காப்பி இறக்குவதைப் போன்றது. விரல் தடிமனுள்ள பிளாஸ்டிக் குழாயில் கொஞ்சம் ரெசினை நிரப்பி, பிஎச் சரிசெய்த ஒரு லிட்டர் கடல்நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அவசரப்பட்டு வேகமாக விட்டால் உலோகம் பிடிபடாமலே ஓடிவிடும், தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் டிகாக்‌ஷன் நீர்த்துப்போவது போல. பிறகு அம்மோனியம் அசிட்டேட் கழுவல். கடைசியில் 10 மில்லி நைட்ரிக் அமிலம். ஒரு லிட்டரில் பரவிக் கிடந்ததெல்லாம் அந்த 10 மில்லிக்குள் வந்து இறங்கும், முதல் டிகாக்‌ஷன் மாதிரி கெட்டியாக. நூறு மடங்கு செறிவு கிடைத்தது, உப்பும் தொலைந்தது. இனி கருவியிடம் கொடுக்கலாம்.

இத்தோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன்.

நாமே போட்டுவைத்த ஈயம்

மேலே சொன்ன ஒரு லிட்டர் ஆழ்கடல் நீரில் ஈயம் 1 நானோகிராம் என்று வைத்துக்கொள்வோம். பிஎச் சரிசெய்ய 20 மில்லி கரைசல் சேர்க்கிறோம். கடையில் வாங்கிய நல்ல தரமான ரசாயனம்தான், இருந்தாலும் அதில் ஒரு மில்லிக்கு 0.1 நானோகிராம் ஈயம் இருக்கிறது என்று கொள்வோம். 20 மில்லியில் 2 நானோகிராம். கடல் தந்தது 1, நாம் போட்டது 2. ரெசின் பாரபட்சம் பார்க்காது, மூன்றையும் பிடித்து நமக்கே திருப்பித் தரும். கருவியும் 3 என்று நேர்மையாகவே சொல்லும். கருவியில் பிழை இல்லை, ரெசினில் பிழை இல்லை, விடை மூன்று மடங்கு தப்பு.

இது கற்பனைக் கணக்கு. நிஜத்தில் தப்பு இதைவிடப் பெரிதாக இருந்தது. பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டு என்று 1956-ல் அறிவித்த கிளேர் பாட்டர்சன் ஈயத்தை அளப்பதில் கரைகண்டவர். வயதைக் கணக்கிட ஈயத்தை அளந்தபோது, தன் ஆய்வுக்கூடத்துக் காற்று, கண்ணாடிக் குடுவை, தோல், துணி என்று எல்லாவற்றிலிருந்தும் ஈயம் மாதிரிக்குள் விழுவதைக் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் ஈயம் புகாத சுத்த அறைகளைக் கட்டினார். அப்படி அளந்தபோது ஆழ்கடல் ஈயத்தின் உண்மை அளவு, அதுவரை அச்சில் இருந்த பல எண்களைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு குறைவு என்று தெரியவந்தது. மற்றவர்கள் அளந்தது கடலின் ஈயத்தை அல்ல, தங்கள் கப்பலின், குடுவையின், விரலின் ஈயத்தை! பாட்டர்சன் தன் அளவீடுகளுக்கு வேறு கொடுக்கிணைப்பு முறைகளைப் பயன்படுத்தினார், செலக்ஸ் அல்ல. பாடம் இரண்டுக்கும் பொது.

இதில் பணயம் பெரிது. "ஈயம் இயற்கையிலேயே எங்கும் இவ்வளவு இருக்கிறது" என்று பழைய எண்களை வைத்துச் சொல்லிவிட்டால், பெட்ரோலில் கலந்த ஈயத்தால் வந்த கேடு கண்ணுக்கே தெரியாது. கடலின் மேற்பரப்பில் ஈயம் கூடுதல், ஆழத்தில் மிகக் குறைவு என்று சுத்தமாக அளந்து காட்டிய பிறகே, அது மேலிருந்து, காற்று வழியாக, நாம் எரித்த பெட்ரோலிலிருந்து வந்தது என்பது விளங்கியது. 1965-ல் பாட்டர்சன் இதை எழுதியபோது ஈய வியாபாரிகளின் எதிர்ப்பைச் சம்பாதித்தார். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றது. கடைசியாக அதை விற்றுக்கொண்டிருந்த அல்ஜீரியாவும் 2021-ல் நிறுத்தியது.

அதனால் இன்று கடல் உலோகம் அளப்பவர்களின் நியமங்கள் நம் பாட்டிமார்களின் மடி ஆசாரத்தைத் தோற்கடிக்கும். பாட்டில்களை அமிலத்தில் வாரக்கணக்கில் ஊறப்போடுவார்கள். வடிகட்டிய காற்று வீசும் அறை, தலை முதல் கால் வரை உறை. முகப்பவுடர், விபூதி எதுவும் உதிரக்கூடாது. மாவு தடவிய ரப்பர் கையுறையும் கூடாது, அந்த மாவில் துத்தநாகம் இருக்கலாம். இரும்புக் கம்பிக்குப் பதில் கெவ்லார் கயிற்றில் பாட்டிலை இறக்குவார்கள். சேர்க்கப்போகும் கரைசலையும் அதே கொடுக்கிணைப்பு ரெசின் வழியாக முதலில் விட்டு, அதிலுள்ள உலோகத்தை நீக்கிவிடுவார்கள். இத்தனைக்கும் பிறகு, கடல்நீரே இல்லாமல் எல்லாப் படிகளையும் ஒருமுறை செய்து பார்ப்பார்கள். அதில் வரும் எண் 'வெற்று'. அதைக் கழித்துத்தான் விடை சொல்லவேண்டும். கழிப்பதிலும் சூட்சுமம் உண்டு. வெற்று 2 என்று ஒருநாள், 1.5 என்று மறுநாள், 2.5 என்று அடுத்தநாள் வந்தால், மிச்சமிருக்கும் 1 என்ற விடை பாதியாகவும் இருக்கலாம், ஒன்றரையாகவும் இருக்கலாம். வெற்று சிறிதாக இருப்பதோடு நிலையாகவும் இருக்கவேண்டும்.

எதிர்த் திசையிலும் ஏமாற்றம் உண்டு. ரெசின் எல்லாவற்றையும் பிடித்ததா என்று சோதிக்க, தெரிந்த அளவு செம்பை மாதிரியில் சேர்த்து, அது முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பார்கள். 100-க்கு 98 வந்தால் சந்தோஷப்படுவது வழக்கம். ஆனால் நாம் சேர்த்த செம்பு சுதந்திரமாகத் திரியும் செம்பு. கடலில் ஏற்கெனவே உள்ள செம்பின் பெரும்பகுதி, உயிரினங்கள் வெளியிட்ட கரிமப் பொருள்களின் கொடுக்கில் சிக்கியிருக்கிறது. அந்தக் கொடுக்கு நம் ரெசினைவிடப் பலமானதாக இருந்தால் அந்தச் செம்பு ரெசினைத் தாண்டிப் போய்விடும், சோதனையோ எல்லாம் நலம் என்று சொல்லும். இதைத் தவிர்க்க மாதிரியை அமிலம் கலந்து நெடுநாள் வைப்பதும், புறஊதா ஒளியில் காட்டிக் கரிமப் பொருளைச் சிதைப்பதும் வழக்கம்.

அப்படியானால் எந்த எண்ணைத்தான் நம்புவது? கலிபோர்னியாவின் புரூலண்ட் குழுவினர் 1979-ல் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே கடல்நீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் செலக்ஸ் ரெசினிலும், மற்றொன்றைக் கரைப்பானில் பிரித்தெடுக்கும் முற்றிலும் வேறான முறையிலும் செய்தார்கள். செம்பு, காட்மியம், துத்தநாகம், நிக்கல் நான்கிலும் விடைகள் ஒத்துப்போயின. இரண்டு வேறு பாதைகள் ஒரே தப்பை ஒரே அளவில் செய்வது அரிது. அடுத்த ஆண்டு வெளிவந்த அவரது அளவீடுகளில் கடலே சாட்சி சொன்னது. துத்தநாகம் மேற்பரப்பில் லிட்டருக்குச் சில நானோகிராம், ஆழத்தில் சில நூறு. அந்த ஏற்றம் சிலிக்கேட்டின் ஏற்றத்தோடு கைகோத்துச் சென்றது. காட்மியம் பாஸ்பேட்டோடு சென்றது. மேலே வாழும் நுண்ணுயிர்கள் உணவோடு உலோகத்தையும் எடுத்துக்கொண்டு, செத்து ஆழத்தில் விழுந்து கரைவதால் வரும் ஒழுங்கு இது. முந்தைய எண்கள் கன்னாபின்னா என்று சிதறிக் கிடந்ததற்குக் காரணம், அழுக்கு.

இரும்பைச் சுத்தமாக அளந்த பிறகுதான், சில கடல்களில் மற்ற சத்துக்கள் இருந்தும் பாசி வளராததற்கு இரும்புக் குறைபாடே காரணம் என்று ஜான் மார்ட்டின் வாதிட்டார். அதன் தொடர்ச்சியாக நம் நாடும் ஒரு சோதனையில் இறங்கியது. 2009 தொடக்கத்தில் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மானிய விஞ்ஞானிகளும் சேர்ந்து, தென்கடலில் சுமார் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பைத் தூவிப் பார்த்தார்கள். பெயர் 'லோஹாஃபெக்ஸ்'. லோஹா என்றால் இந்தியில் இரும்பு என்று நம் பிள்ளைகளுக்கே தெரியும். அங்கே சிலிக்கா குறைவு என்பதால் டயாட்டம் பாசிகள் எதிர்பார்த்தபடி பெருகவில்லை, வளர்ந்த மற்ற பாசிகளையும் சிற்றுயிர்கள் மேய்ந்துவிட்டன. கடலில் இரும்பைக் கொட்டி உலக வெப்பத்தைக் குறைத்துவிடலாம் என்ற ஆசைக்கு அது ஒரு கடிவாளம்.

ரெசினும் வளர்ந்திருக்கிறது. கால்சியம், மக்னீசியத்தை இன்னும் குறைவாகப் பிடிக்கும் 'நோபியாஸ்' போன்ற ஜப்பானியத் தயாரிப்புகளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். லிட்டர் கணக்கில் தேவைப்பட்ட இடத்தில் சில பத்து மில்லி நீரே போதும், தானியங்கிக் கருவியே மூடிய குழாய்களுக்குள் எல்லாப் படிகளையும் செய்துவிடும். மனிதக் கை படாததால் வெற்றும் குறைவு. 'ஜியோட்ரேசஸ்' என்ற பன்னாட்டுத் திட்டத்தில் அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சி நிலையமும் பங்கேற்று, அரபிக் கடல், வங்கக் கடல் நீரின் நுண்ணுலோகங்களை ஆராய்ந்திருக்கிறது.

குழாய்த் தண்ணீர் அறிக்கை

கடைசியாக வீட்டு விஷயம். குடியிருப்பின் போர்வெல் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தால் வரும் தாளில் ஈயம், காட்மியம் என்ற வரிகளுக்கு எதிரே 'பி.டி.எல்.' என்று போட்டிருக்கும். கண்டறியும் எல்லைக்குக் கீழே என்று பொருள். பலர் அதைப் பூஜ்யம் என்று படித்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். எந்த எல்லைக்குக் கீழே? குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஈயத்தின் வரம்பு 1991-ல் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமாக இருந்தது, 2012 திருத்தத்தில் 0.01 ஆகக் குறைந்தது. சோதனைக்கூடத்தின் கருவி 0.05-க்கு மேல்தான் காணும் என்றால், உங்கள் தண்ணீரில் வரம்பைப் போல நான்கு மடங்கு ஈயம் இருந்தாலும் 'பி.டி.எல்.' என்றே வரும், பொய்யும் ஆகாது.

ஆகையால் அடுத்த முறை அறிக்கை வாங்கும்போது, ஒவ்வோர் உலோகத்துக்கும் கண்டறியும் எல்லை என்ன என்று எழுத்தில் கேளுங்கள். அது ஈயத்துக்கு 0.01-க்கும், காட்மியத்துக்கு 0.003-க்கும் நன்றாகக் கீழே இருக்கவேண்டும். பாட்டிலையும் சோதனைக்கூடத்திடமே வாங்கிக்கொள்ளுங்கள். பழைய மினரல் வாட்டர் பாட்டிலிலோ எவர்சில்வர் தூக்கிலோ பிடித்துக் கொடுக்காதீர்கள். காலையில் முதல் தண்ணீரை ஒரு பாட்டிலிலும், குழாயை ஐந்து நிமிடம் ஓடவிட்டு இன்னொன்றிலும் பிடித்தால் செலவு இரட்டிப்பாகும்தான். ஆனால் முதலில் பிடித்ததில் மட்டும் ஈயம் கூடுதலாக இருந்தால், அது பெரும்பாலும் போர்வெல்லிலிருந்து வரவில்லை, இரவெல்லாம் தண்ணீர் தேங்கிக் கிடந்த உங்கள் வீட்டுக் குழாயிலிருந்தும் பித்தளைப் பொருத்துகளிலிருந்தும் வருகிறது.